போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது!

"மூணு மாசத்துக்கு ஒரு ஊசியாமே! போட்டுக்கிட்டா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

இந்தக் கேள்வியை நம் பெண்கள் உரக்கக் கேட்கமாட்டார்கள். புதன்கிழமை தடுப்பூசிக்காகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெஞ்சிலோ, பள்ளிக்கூட வாசலிலோ, கல்யாண வீட்டில் கை கழுவுகிற இடத்திலோ, காதோரமாகத்தான் கேட்பார்கள். பதிலும் காதோரமாகவே வரும். "ஐயையோ, வேண்டவே வேண்டாம். என் நாத்தனாருக்கு ஒரு மாசம் நிக்கவே இல்லை" என்பார் ஒருவர். "எனக்கு ஒண்ணுமே ஆகலை, நிம்மதியா இருந்தேன்" என்பார் இன்னொருவர். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான்! அதனால்தான் இந்த இதழில் இந்த ஊசியையே எடுத்துக்கொண்டேன். நானும் போட்டுக்கொண்டவள் என்பதால், என் அனுபவத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் கருத்தடை என்றாலே ஆபரேஷன்தான் என்று ஆகிவிட்டது. 2019–21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். 'இனிமேல் குழந்தை வேண்டாம்' என்று முடிவு செய்தவர்களுக்கு அது சரி. ஆனால், 'வேண்டும், இப்போது வேண்டாம்' என்று நினைக்கிற இளம் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? என் மூத்த பெண்ணுக்கு எட்டு மாதம் ஆனபோது, 2019ல், நான் இருந்த நிலை அதுதான். காப்பர்-டி என்றால் எனக்குப் பயம். மாத்திரை என்றால் தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைக்காரிக்குத் தான் சாப்பிட்டோமா என்பதே ஞாபகம் இருப்பதில்லை! அப்போதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஊசியைப் பற்றிச் சொன்னார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'அந்தரா' என்ற பெயரில் 2017லிருந்து இதை இலவசமாகப் போடுகிறார்கள்.

ஊசிக்குள் என்ன இருக்கிறது?

நம் உடம்பில் தானாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு மருந்து. முழுப் பெயர் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிடேட். 150 மில்லிகிராம் மருந்தைக் கையிலோ இடுப்பிலோ சதைக்குள் போடுகிறார்கள். தோலுக்கு அடியில் போடும் 104 மில்லிகிராம் வகையும் உண்டு. மருந்து போட்ட இடத்திலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். மாதாமாதம் கருமுட்டை வெளிவருவதை அது நிறுத்திவைக்கிறது. கருப்பை வாயில் இருக்கும் சளியையும் கெட்டியாக்கி, விந்தணு உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்கிறது.

தேதி தவறாமல் போட்டுக்கொண்டால், ஒரு வருடத்தில் நூறு பெண்களில் ஒருவர்கூட கர்ப்பமாவது அபூர்வம். ஆனால் நாமெல்லாம் மனுஷிகள்தானே? ஊருக்குப் போவோம், மறந்துபோவோம். அப்படி நடைமுறையில் பார்த்தால் நூற்றுக்கு நாலு பேர் கர்ப்பமாகிறார்கள். ஆக, மருந்து பாதி, காலண்டர் பாதி!

தாய்ப்பால் குறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம், குறையாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இது கர்ப்பத்தைத்தான் தடுக்கும். பால்வினை நோய்களைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

போடுவதற்கு முன்னால்

நான் போன அன்று டாக்டரம்மா எடுத்த எடுப்பில் ஊசியை எடுக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார். கடைசியாக எப்போது தூரமானேன் என்று கேட்டார். மார்பில் கட்டி உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பக்கவாதம், இருதய நோய் ஏதாவது உண்டா, காரணம் தெரியாத உதிரப்போக்கு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கோ உள்ளூர எரிச்சல். ஒரு ஊசிக்கு இத்தனை கேள்வியா?

காரணம் இருக்கிறது சகோதரிகளே. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்த அழுத்தம் 160/100க்கு மேல் இருப்பவர்கள், இருதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள், ஈரல் மிகவும் கெட்டவர்கள், நீண்ட நாள் சர்க்கரை நோயால் கண்ணோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் வேறு முறைதான் நல்லது. காரணம் தெரியாமல் ரத்தம் போகிறவர்கள் முதலில் அதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆனபிறகு டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னார். "மாத்திரை ஒத்துக்கலைன்னா நாளைக்கே நிறுத்திடலாம். காப்பர்-டின்னா எடுத்துடலாம். இது அப்படி இல்லைம்மா. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மூணு மாசம் உடம்புல இருக்கும். அதனால கேக்க வேண்டியதை எல்லாம் இப்பவே கேட்டுடு."

இந்த ஊசியைப் பற்றி யார் என்னைக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த வார்த்தையைத்தான்.

கேட்டுத் தெரிந்துகொள்வது டாக்டர் நமக்குக் காட்டும் தயவு இல்லை, நம் உரிமை. இந்த உரிமைக்காக நம் நாட்டில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 1980களில் 'நெட்-என்' என்று இன்னொரு கருத்தடை ஊசியைச் சோதனையாகப் போட்டுப் பார்த்தார்கள். ஹைதராபாத் பக்கம் பட்டன்செருவில் அப்படி ஒரு முகாம். வந்த பெண்களுக்கு அது சோதனை என்பதும், என்னென்ன தொந்தரவு வரலாம் என்பதும் சரிவரச் சொல்லப்படவில்லை என்று 'ஸ்திரீ சக்தி சங்கடனா' என்ற பெண்கள் அமைப்பு கண்டது. 1986ல் அந்த அமைப்பும் வேறு சில பெண்கள் அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்துக்கே போய்விட்டன. நான் போட்டுக்கொண்ட மருந்துக்கு அமெரிக்காவில் 1992லும், இங்கே 1993லும் அனுமதி கிடைத்தது. ஆனாலும் தனியார் டாக்டர்களிடம்தான் கிடைத்தது. அரசாங்கத் திட்டத்துக்குள் வர 2017 ஆயிற்று. இன்றைக்கு நம் பெயருக்கு ஒரு அட்டை போட்டு, நாலு கேள்வி கேட்டு, பலன்களையும் தொந்தரவுகளையும் சொல்லித்தான் போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இப்படிப் பல பெண்களின் பிடிவாதம் இருக்கிறது. கேட்கக் கூச்சப்படாதீர்கள்!

முதல் ஊசி

மாதவிலக்கு ஆரம்பித்த ஏழு நாளைக்குள் போட்டுக்கொண்டால் உடனே பலன் உண்டு. மற்ற நாட்களில் போடுவதானால், கர்ப்பமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு போடுவார்கள். அதற்கப்புறம் ஏழு நாளைக்கு ஆணுறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் மூன்றாம் நாள் போட்டுக்கொண்டேன். சாதாரண ஊசி வலிதான். "தேய்க்காதீங்கம்மா, ஒத்தடமும் கொடுக்காதீங்க" என்றார் நர்ஸ். ஊசி போட்டால் தேய்ப்பதுதான் நமக்குப் பழக்கம். இதைத் தேய்த்தால் மருந்து சீக்கிரமே கரைந்து, மூன்று மாதம் தாங்காமல் போகலாம்.

வீட்டுக்கு வந்து சமைத்தேன், துவைத்தேன், குழந்தையைக் குளிப்பாட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. 'இதற்கா இத்தனை பயம்!' என்று நினைத்துக்கொண்டேன்.

மாதவிலக்கு நின்று ஒன்பதாம் நாள் திட்டுத்திட்டாக ரத்தம் பட ஆரம்பித்தது. ஒரு நாள் படும், அடுத்த நாள் இருக்காது, மறுபடி படும். அதிகமில்லை, ஆனால் முழுசாக நிற்கவும் இல்லை. இப்படியே பதினேழு நாள்!

அதுவும் எப்போது? ஆடி மாதம். வெள்ளிக்கிழமை விளக்கு, அம்மனுக்குக் கூழ் என்று வீடே பரபரப்பாக இருக்கிற மாதம். என் மாமியார் இரண்டு வெள்ளி பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது வெள்ளி கேட்டே விட்டார்: "ஏம்மா, போன வாரம்தானே தலைக்கு ஊத்திக்கிட்டே? மறுபடியுமா? உடம்புக்கு என்ன?"

சகோதரிகளே, டாக்டர் புத்தகங்களில் இதை 'ஒழுங்கற்ற உதிரப்போக்கு' என்று இரண்டே வார்த்தையில் எழுதிவிடுவார்கள். நம் வீடுகளில் அது இரண்டு வார்த்தையில் முடிகிற சமாசாரமா? பூஜையறை, விரதம், விசேஷம், படுக்கை எல்லாவற்றையும் தொடுகிற விஷயம். எத்தனையோ பெண்கள் முதல் ஊசியோடு நிறுத்திவிடுவதற்குக் காரணம் இதுதான். ரத்தத்தைவிட, அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம்!

ஆனால் நான் பயப்படவில்லை. காரணம், இப்படி வரும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். இந்த மருந்து கருப்பையின் உள்சவ்வை மெலிதாக்குகிறது. மெலிந்த சவ்வு, பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. முதல் ஆறு மாதம் இப்படி இருப்பது சகஜம். இதை அப்படியே மாமியாரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க காலத்துல இதெல்லாம் யாரு சொன்னா? ஆறு பெத்தேன். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு வருஷம்கூட இல்லே" என்றார். அடுத்த ஊசிக்குத் தேதியை ஞாபகப்படுத்தியதே அவர்தான்!

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

சகஜமானது எது, ஆபத்து எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

திட்டுத்திட்டாகப் படுவது, நாலைந்து நாள் வருவது போவது, இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. ஆனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போனாலோ, எட்டு நாளைக்கு மேல் விடாமல் போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து நாள் மாத்திரையிலேயே அடங்குவது உண்டு. 'ஊசியால்தான்' என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது; வேறு காரணமும் இருக்கலாம். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, தலை சுற்றுகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்த நாட்களில் கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு, பயறு எல்லாம் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு இரும்புச் சத்து மாத்திரையும் எடுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாத தலைவலி, கண் பார்வையில் மாறுதல், கண் மஞ்சளாவது, அடிவயிற்றில் கடும் வலி, ஊசி போட்ட இடத்தில் சீழ், இவற்றில் எது வந்தாலும் தாமதிக்கக் கூடாது.

வராவிட்டாலும் கவலை!

எனக்கு மூன்றாவது ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு அடியோடு நின்றுவிட்டது. வந்தால் ஒரு கவலை, வராவிட்டால் இன்னொரு கவலை! "ரத்தமெல்லாம் உள்ளேயே தேங்கிப்போயிடுமே, கட்டியாயிடுமே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இல்லவே இல்லை. கருப்பையில் சவ்வு வளர்ந்தால்தானே உதிர்வதற்கு? மாவே அரைக்காத வீட்டில் தோசை எங்கே மிஞ்சும்? தொடர்ந்து ஒரு வருடம் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இப்படி நின்றுவிடுகிறது. கெட்ட ரத்தம் என்று ஒன்று உள்ளே தேங்குவதில்லை. ஆனால் ஊசித் தேதியைத் தவறவிட்டபின் நின்றுபோனாலும், வாந்தி, மசக்கை போலத் தோன்றினாலும் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

எடையும் கொஞ்சம் ஏறும். வருடத்துக்குச் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. எனக்குப் பதினைந்து மாதத்தில் இரண்டரை கிலோ ஏறியது. குழந்தை மிச்சம் வைத்த பருப்புச் சாதத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைக்க மாட்டேன்!

எலும்பின் அடர்த்தி ஊசி போடும் காலத்தில் சற்றுக் குறைகிறது. நிறுத்தினால் திரும்ப ஏறிவிடுகிறது. இதனால்தான் 2004ல் அமெரிக்க மருந்துத் துறை, வேறு முறை சரிப்படாதவர்கள் தவிர மற்றவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்று எச்சரித்தது. 18லிருந்து 45 வயது வரை உள்ளவர்களுக்கு அப்படிக் கால வரம்பு தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இன்னொன்று: 2024ல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று, இந்த ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து போட்டவர்களுக்கு 'மெனிஞ்சியோமா' என்ற மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடுவதாகச் சொல்கிறது. அந்தக் கட்டியே அபூர்வமானது. பெரும்பாலும் புற்றுநோயும் அல்ல. பீதி வேண்டாம். ஆனால் வருடக்கணக்காகப் போடுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை டாக்டரிடம், "இன்னும் தொடரலாமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி! தேதி! தேதி!

மூன்று மாதம் என்பது 13 வாரம். ஊருக்குப் போக வேண்டியிருந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுக்கொள்ளலாம். தவறிப்போனால் நாலு வாரம் வரை அவகாசம் உண்டு. அதையும் தாண்டிவிட்டால் கர்ப்பமில்லை என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். இந்த அவகாசத்தின் அருமை எனக்கு 2020ல் தெரிந்தது. என் நாலாவது ஊசி ஏப்ரல் 6ஆம் தேதி. அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. 20ஆம் தேதிதான், அவர் மாஸ்க் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் அழைத்துப்போய்ப் போட்டுவந்தேன். இரண்டு வாரம் தாமதம், ஆனாலும் அவகாசத்துக்குள்தான்.

அட்டையைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். காலண்டரில் தேதியை வட்டமிடுங்கள். கணவரிடமும் சொல்லிவையுங்கள். இது உங்கள் ஒருவருடைய கவலை மட்டும் அல்லவே!

நிறுத்திய பிறகு

அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இந்த ஊசி நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்காது. ஆனால் நிறுத்திய அடுத்த மாதமே கர்ப்பமாகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கடைசி ஊசியிலிருந்து கணக்கிட்டால் சராசரியாகப் பத்து மாதம் பிடிக்கிறது. மற்ற முறைகளை விட்டவர்களைவிடச் சுமார் நாலு மாதம் அதிகம்.

நான் ஆறு ஊசியோடு 2020 அக்டோபரில் நிறுத்தினேன். மாதவிலக்கு திரும்பவே எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் கேட்க வேண்டிய பேச்செல்லாம் கேட்டேன். "ஊசி போட்டுக் கெடுத்துக்கிட்டா" என்று ஒரு சித்தி என் காதுபடவே சொன்னார். எனக்கும் சில இரவுகள் தூக்கம் வரவில்லை. கணக்குத் தெரிந்திருந்ததால்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பதினோராம் மாதம் நாள் தள்ளிப்போயிற்று. இப்போது அவன் என் சமையலறையில் பாத்திரம் உருட்டுகிறான்!

எனவே, ஒரு வருடத்துக்குள் அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊசி ஏற்றதல்ல. மாத்திரையோ, ஆணுறையோ, காப்பர்-டியோ பாருங்கள். இரண்டு மூன்று வருடம் இடைவெளி வேண்டும் என்பவர்களுக்கு, தினம் மாத்திரை போட முடியாதவர்களுக்கு, வீட்டில் மாத்திரை அட்டையைக்கூட வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இது கைகொடுக்கும்.

போட்டுக்கொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. போகும்போது ஒரு சீட்டில் ஐந்து கேள்வி எழுதி எடுத்துப்போங்கள். என் உடம்புக்கு இது ஆகுமா? ரத்தம் எவ்வளவு நாள் போகலாம்? போனால் யாரிடம் வர வேண்டும்? அடுத்த தேதி எது? நிறுத்தினால் எத்தனை மாதம் ஆகும்? ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு கையை நீட்டுங்கள். பதில் சொல்லப் பொறுமை இல்லாத இடமாக இருந்தால், எழுந்து வந்துவிடுங்கள். வேறு டாக்டர் கிடைக்காமலா போய்விடுவார்?